சைக்கிள் பாட்டிலில் எதைக் கலப்பது: இளநீரா, லெமன் ஜூஸா, ஓஆர்எஸ்ஸா, பானகமா?

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்த எவரும் சீக்கிரமே இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பொடிகள் விலை அதிகம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் ஒரு பாட்டில் கலக்கவே நூறு ரூபாயைத் தாண்டுவதுண்டு. வாரம் இரண்டு நாள் ஓட்டினால் மாதக் கடைசியில் அது நல்ல தொகையாகிவிடும். இன்னொரு பக்கம், "இளநீர் இருக்கும்போது இந்தப் பொடியெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களும் நிறையப் பேர். வீட்டிலேயே குறைந்த செலவில் கலந்துகொள்ள முடியுமா என்றால், தாராளமாக முடியும். எதை, எவ்வளவு என்பதில்தான் குழப்பம். நம் கைக்கு எட்டும் பானங்களை எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டு வெயிலில் பெடல் மிதிப்பவருக்கு அவை என்ன தருகின்றன, எதைத் தருவதில்லை என்று பார்க்கலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையா செயற்கையா, நம்மூரா வெளிநாடா என்று பார்த்துத் தேர்வு செய்வதில் ஒரு பயனும் இல்லை. பாட்டிலுக்குள் எத்தனை கிராம் சர்க்கரை, எத்தனை கிராம் உப்பு போயிருக்கிறது என்று தெரிந்தால் போதும். மீதியெல்லாம் ருசி.

உடம்புக்கு என்ன தேவை

தண்ணீர், உப்பு, சர்க்கரை மூன்றும் மூன்று தனித்தனி வேலை செய்கின்றன. ஒன்று இன்னொன்றுக்குப் பதிலாகாது.

வியர்வை ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை போகும். மே மாதச் சென்னையில் சிலருக்கு இரண்டு லிட்டரையும் தொடும். உங்கள் கணக்கைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை, வீட்டில் எடை பார்க்கும் மெஷின் போதும். கிளம்பும் முன் ஒரு முறை, திரும்பி வந்து உடம்பைத் துடைத்துவிட்டு ஒரு முறை எடை பாருங்கள். 70 கிலோவாகப் போனவர் 69 கிலோவாகத் திரும்பியிருக்கிறார், இடையில் ஒரு லிட்டர் குடித்திருக்கிறார் என்றால், மொத்தம் இரண்டு லிட்டர் வியர்த்திருக்கிறது. இரண்டு மணி நேர ரைடு என்றால் மணிக்கு ஒரு லிட்டர். டிசம்பரில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை இப்படிப் பார்த்து வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க உதவும்.

ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும். சிலருக்கு அதில் பாதி, சிலருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல். ஜெர்சி காய்ந்ததும் முதுகிலும் ஹெல்மெட் வாரிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தால் நீங்கள் அதிகம் இழக்கும் ரகம். நாம் சமையலுக்குப் போடும் உப்பு ஒரு கிராமில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. போன உப்பை அப்படியே முழுசாக ஓட்டத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பாதிக்கு மேல் கொடுத்தாலே பெரும்பாலோருக்குப் போதும். மீதியைச் சாப்பாடு பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் சர்க்கரை. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் சுமார் 400, 500 கிராம்தான். வேகமாக ஓட்டினால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதும் அடிமட்டம் தெரிய ஆரம்பித்துவிடும். கால் கனத்து, தலை லேசாகி, எதிலும் மனம் ஓடாமல் ரோட்டோரம் உட்காரத் தோன்றுமே, சைக்கிள்காரர்கள் 'பாங்க் ஆயிட்டேன்' என்று சொல்வது அதைத்தான். அதைத் தவிர்க்க, ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கடுமையாக ஓட்டுபவர்கள் 90 கிராம் வரை போகலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குடலில் குளுக்கோஸுக்கு ஒரு கதவு, ஃப்ரக்டோஸுக்கு வேறொரு கதவு. குளுக்கோஸ் கதவு வழியாக மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் நுழையாது; அதற்கு மேல் வேண்டுமானால் ஃப்ரக்டோஸையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நம் வீட்டுச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ் சேர்ந்த மூலக்கூறு. இரண்டு கதவையும் அது தானாகவே தட்டுகிறது. கிலோ ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் பொருளுக்கு இது சாதாரணத் தகுதி அல்ல.

குளுக்கோஸ் நுழையும் அந்தக் கதவில் சோடியமும் கூடவே நுழையும், இரண்டும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் தண்ணீர் சீக்கிரம் உடம்பில் சேர்வது இதனால்தான்.

கடைசியாக ஓர் எண். 100 மில்லி பானத்தில் 6 முதல் 8 கிராம் சர்க்கரை இருந்தால் வயிற்றிலிருந்து நன்றாகக் கீழே இறங்கும். அதற்கு மேல் போனால் பலருக்கு வயிற்றிலேயே தங்கி, குலுங்கிக்கொண்டு, குமட்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு பானத்தையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ரைடுக்கு வெறும் தண்ணீர் போதும். இதற்குப் பொடி வாங்குவது வீண் செலவு.

இளநீர்

முதலில் இதைப் பேசித் தீர்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் நம் ஊரில் இளநீருக்கு இருக்கும் மரியாதை வேறு எந்தப் பானத்துக்கும் இல்லை. அந்த மரியாதை நியாயமானதுதான். சுத்தமான தண்ணீர், இயற்கையாகவே மூடி வைத்த பாத்திரம், எந்த ஊர் ரோட்டிலும் கிடைக்கும். வழியில் தண்ணீரை நம்ப முடியாத இடத்தில் இதைவிடப் பாதுகாப்பானது வேறில்லை.

ஆனால் சைக்கிள்காரருக்கு வேண்டிய விகிதம் அதில் தலைகீழாக இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், 100 மில்லிக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். வியர்வையில் நாம் இழக்கும் பொட்டாசியமோ கொஞ்சம்தான், ஒரு லிட்டருக்கே சுமார் 200 மில்லிகிராம். நாம் நிறைய இழப்பது சோடியம். அது இளநீரில் குறைவு. எவ்வளவு என்பது மண்ணுக்கு மண், முற்றலுக்கு முற்றல் மாறும். சர்க்கரையும் 100 மில்லிக்கு 3, 4 கிராமைச் சுற்றித்தான். ஒரு காயில் 300 மில்லி இருந்தால் பத்துப் பன்னிரண்டு கிராம் சர்க்கரை. மணிக்கு 45 கிராம் வேண்டுமென்றால் நான்கு இளநீர் குடிக்க வேண்டும். வயிறும் கொள்ளாது, பர்ஸும் தாங்காது. ஒரு காய் ஐம்பது அறுபது ரூபாய் விற்கிறது.

இதற்குத் தீர்வு எளிது. ஈசிஆரில் கோவளம் பக்கம் நிறுத்தி இரண்டு இளநீர் வெட்டச் சொல்கிறீர்கள் என்றால், வீட்டிலிருந்து பொட்டலம் கட்டி எடுத்துப்போன ஒரு கிராம் உப்பையும் 20 கிராம் சர்க்கரையையும் பாட்டிலில் போட்டு, மேலே அரை லிட்டர் இளநீரை ஊற்றிக் குலுக்குங்கள். சோடியம் 400 மில்லிகிராமுக்குக் குறையாது, சர்க்கரை 35, 40 கிராமைத் தொடும். அருமையான பானம். ஒன்றே ஒன்று, அதை ஒரு மணி நேரத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். வெயிலில் இளநீர் சீக்கிரம் புளிக்கும். மிச்சம் வைத்து மத்தியானம் திறந்தால் பாட்டிலே நாறும், அந்த வாடை நாலு முறை கழுவினாலும் போகாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரின் பொட்டாசியமே ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

லெமன், உப்பு, சர்க்கரை

என் முதல் தேர்வு இதுதான். சொல்லப்போனால் இன்று உலகம் முழுக்க விற்கும் கேட்டரேடின் பிறப்பும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. 1965-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் அங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணிக்காகத் தண்ணீர், உப்பு, சர்க்கரையை அடிப்படையாக வைத்துக் கலந்தார்கள். குடிக்க முடியாத அளவுக்கு ருசி மோசமாக இருந்ததால் எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்தார்கள்.

750 மில்லி பாட்டிலுக்கு அளவு இது: சர்க்கரை 45 கிராம், உப்பு ஒன்றரை கிராம், அரை மூடி எலுமிச்சை. சர்க்கரை 6 சதவீதம் வந்துவிடும், சோடியம் சுமார் 600 மில்லிகிராம். விலை? சர்க்கரை இரண்டு ரூபாய், உப்பு கணக்கில் வராது, எலுமிச்சை சீசனைப் பொறுத்து மூன்றிலிருந்து எட்டு ரூபாய் வரை. எப்படிப் பார்த்தாலும் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கலக்கும் முறையில் இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது. சர்க்கரையையும் உப்பையும் முதலில் அரை டம்ளர் வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். நேராகப் பாட்டிலில் கொட்டினால் அடியில் தங்கி, முதல் வாய் சப்பென்றும் கடைசி வாய் பாகாகவும் இருக்கும். எலுமிச்சையை வடிகட்டியில் பிழிய வேண்டும். சக்கை போனால் பாட்டில் வாயை அடைக்கும், ஒரு விதை விழுந்து ஊறினாலும் இரண்டு மணி நேரத்தில் கசப்பு ஏறிவிடும். தோலை அழுத்தி நசுக்கிப் பிழிவதும் கசப்புக்குக் காரணம். அப்புறம் பாட்டிலில் பாதியை முந்தின இரவே நிரப்பி, ஃப்ரீஸரில் படுக்க வைத்துவிட்டு, காலையில் மீதியை ஊற்றினால் இரண்டு மணி நேரம் வரை சில்லென்று இருக்கும். வெயிலில் குளிர்ந்த பானத்தைத்தான் மனசு வந்து குடிப்போம், குடித்தால்தானே பலன்.

ஸ்பூன் அளவு சொல்லாமல் கிராமில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் தட்டி அளந்தால் ஆறு கிராம் வரும். கல்லுப்பு இடைவெளி விட்டு நிற்பதால் அதே ஸ்பூனில் குறைவாக வரும். ஒருவர் 'கால் ஸ்பூன்' என்று போடுவதும் இன்னொருவர் போடுவதும் இரண்டு மடங்கு வித்தியாசப்படும். நூற்றுக்கணக்கில் செலவழித்து டயர் வாங்குகிறவர்கள் முந்நூறு ரூபாய்க்கு ஒரு சமையலறை டிஜிட்டல் தராசு வாங்கிவிடலாம். கல்லுப்பா, தூளா, இந்துப்பா என்ற விவாதம் இங்கே தேவையே இல்லை. எல்லாம் சோடியம் குளோரைடுதான். மரக்காணம் உப்பளத்திலிருந்து வந்ததும் ஒன்றுதான், மலையில் வெட்டி எடுத்ததும் ஒன்றுதான்.

குறை என்று பார்த்தால் திகட்டல். நாலு மணி நேரம் தொடர்ந்து இனிப்பும் புளிப்பும் குடித்தால் நாக்கு வெறுத்துவிடும். பல்லுக்கும் நல்லதில்லை, அவ்வப்போது வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிப்பது நல்லது.

ஓஆர்எஸ்

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை நம் ஆட்கள் அதிகம் நம்புகிறார்கள். அதன் சரித்திரம் அப்படி. 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுப்படி ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கும். சோடியம் மட்டும் லிட்டருக்கு 1.7 கிராம்.

இந்த எண்களைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். உப்பு தாராளம், சர்க்கரை மிகக் குறைவு. ஒரு லிட்டர் முழுசாகக் குடித்தாலும் கிடைப்பது 54 கலோரி. தண்ணீரை உடம்பில் சேர்ப்பதுதான் அதன் வேலை, காலுக்குச் சக்தி கொடுப்பதல்ல. அதனால் ஓஆர்எஸ் குடிப்பவர் கையில் கடலை மிட்டாயோ வாழைப்பழமோ இருக்க வேண்டும். உப்புப் பூக்கும் ரகத்தைச் சேர்ந்தவர், சாப்பாட்டைப் பாக்கெட்டிலும் உப்பைப் பாட்டிலிலும் தனித்தனியாக வைத்துக்கொள்ள விரும்புபவர், இவர்களுக்கு இது நல்ல வழி. விலையும் இருபது இருபத்தைந்து ரூபாய்தான். வயிற்றுப்போக்குக்கு என்று குடிக்கும்போது பொட்டலத்தில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை மாற்றக் கூடாது, சர்க்கரை சேர்க்கவும் கூடாது. ரைடுக்குக் கொண்டுபோகும் பாட்டிலில் சர்க்கரை சேர்த்துக்கொண்டால், அது அதன் பிறகு மருந்தில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெட்ரா பாக்கெட்டில் ஜூஸ் மாதிரி விற்றதெல்லாம் ஓஆர்எஸ் இல்லை. பல பானங்களில் சர்க்கரை பல மடங்கு, உப்பு சொற்பம். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே இப்படிப்பட்ட பானங்கள் தங்கள் பெயரில் 'ஓஆர்எஸ்' என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவன அளவு என்று இருக்கிறதா, எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று இருக்கிறதா, இரண்டையும் பார்த்து வாங்குங்கள். 200 மில்லி பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைப்பவர்கள் உண்டு.

பானகம், நன்னாரி, பதநீர், கரும்புச் சாறு

திகட்டலுக்கு நல்ல மாற்று பானகம். ராமநவமிக்குக் கோயிலில் கொடுக்கும் அதே பானகம்தான், சைக்கிளுக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். 50 கிராம் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசும் போகத் துணியில் வடிகட்டி, இரண்டு சிட்டிகை சுக்குப்பொடி, ஒன்றரை கிராம் உப்பு, அரை மூடி எலுமிச்சை சேர்த்து 750 மில்லியாக்குங்கள். ஏலக்காய் விருப்பம். கோயில் பானகத்தில் உப்பு ஒரு சிட்டிகைதான் இருக்கும், இங்கே அது போதாது. சுக்கு வயிற்றுக் குமட்டலுக்குக் கைகொடுக்கும். நூறு கிலோமீட்டரைத் தாண்டியபின் இனிப்பைப் பார்த்தாலே ஓங்கரிக்கிறவர்கள் இதைக் குடித்துப் பார்க்கலாம். வெல்லத்தில் இரும்பும் பொட்டாசியமும் கொஞ்சம் உண்டு, ஆனால் அதில் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். கருப்பட்டிக்கும் அப்படியே. ருசிக்காகப் போடுங்கள், சர்க்கரையைவிட அதிகம் சக்தி கிடைக்கும் என்று நினைத்துப் போட வேண்டாம்.

நன்னாரி சர்பத்தில் சிரப்பின் பாதிக்கு மேல் சர்க்கரை. லேபிளில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து 45 கிராம் வருகிற மாதிரி ஊற்றி, உப்பைத் தனியாகச் சேர்த்தால் போதும். மணத்துக்காகவே சிலர் இதை விடமாட்டார்கள்.

பதநீரும் கரும்புச் சாறும் வழியில் கிடைக்கும் விருந்து, பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போகும் பானங்கள் அல்ல. இரண்டிலுமே சர்க்கரை 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும், உப்பு மிகக் குறைவு. ஒரு டம்ளர் குடித்துவிட்டு, கூடவே அதே அளவு தண்ணீரும் குடித்தால் வயிறு தாங்கும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கோடையில் ஓட்டுபவர்களுக்கு இறக்கியதும் கிடைக்கும் பதநீரைத் தவறவிட வேண்டாம் என்றே சொல்வேன். கரும்புச் சாற்றில் எனக்குப் பயம் ஐஸ்கட்டியிடம்தான். ஐஸ் போடாமல் கேட்டு வாங்குங்கள்.

மோரும் நீராகாரமும்

நீர்மோர் உப்புக்கு நல்லது, சக்திக்கு உதவாது. தண்ணீர் சேர்த்துக் கடைந்தபின் அதில் மாவுச்சத்து ஒன்றிரண்டு சதவீதம் இருந்தால் அதிகம். குனிந்து வேகமாக மிதிக்கும்போது பலருக்குப் புளியேப்பமாக மேலே வரும். ரைடு முடிந்து நிழலில் உட்கார்ந்ததும் குடிக்க இதற்கு நிகர் இல்லை. தண்ணீர், உப்பு, கொஞ்சம் புரதம் எல்லாம் ஒரே செம்பில்.

நீராகாரம், கேழ்வரகுக் கூழ், அரிசிக் கஞ்சி இவற்றைக் கிளம்பும் முன் வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சியின் மாவுச்சத்து குடலில் மெல்ல உடைந்து குளுக்கோஸாகும். காலராவுக்கு அரிசியில் செய்த ஓஆர்எஸ்கூட உண்டு. உப்புப் போட்ட ஒரு சொம்பு கஞ்சியை விடிகாலை நாலரை மணிக்குக் குடித்துவிட்டுக் கிளம்பினால் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றிக் கவலையில்லை. பாட்டிலில் ஊற்றினால் ஆறியதும் கெட்டியாகி வாயை அடைக்கும், கழுவுவதும் கஷ்டம்.

குளுக்கோஸ் பொடி, மால்டோடெக்ஸ்ட்ரின், கடைப் பானம்

மஞ்சள் டப்பாவும் பச்சை டப்பாவுமாக விற்கும் குளுக்கோஸ் பொடியில் உப்பும் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் குளுக்கோஸ்தான். சர்க்கரையைவிட விலை அதிகம், ஃப்ரக்டோஸ் கதவையும் பயன்படுத்தாது. அவசரத்துக்குச் சரி, வழக்கத்துக்கு வேண்டாம்.

மால்டோடெக்ஸ்ட்ரின் வேறு கதை. சோளம் அல்லது மரவள்ளி மாவைச் சின்னச் சின்னச் சங்கிலிகளாக உடைத்துச் செய்த பொடி. விலை உயர்ந்த பொடிகள் பலவற்றின் முதல் சேர்மானம் இதுதான். இனிப்பு மிகக் குறைவு என்பதே இதன் பெரிய பலம். மொத்தமாகக் கிலோ கணக்கில் வாங்கினால் சர்க்கரையைப்போல ஐந்தாறு மடங்கு விலை, பிராண்டு பொடியோடு ஒப்பிட்டால் எங்கேயோ மலிவு. மணிக்கு 90 கிராம் வேண்டும் என்பவர்கள் 30 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரினும் 60 கிராம் சர்க்கரையும் கலந்துகொள்ளுங்கள். குளுக்கோஸ் 60, ஃப்ரக்டோஸ் 30 என்று இரண்டுக்கு ஒன்றாக அமைந்துவிடும். இது ஒரே பாட்டிலில் 12 சதவீதமாகிவிடும் என்பதால், கூடவே வெறும் தண்ணீர் பாட்டிலும் இருக்க வேண்டும். வயிற்றைப் பழக்காமல் ரேஸ் அன்றைக்கு முதன்முதலாக இதைச் செய்து பார்க்க வேண்டாம். மணிக்கு 45 கிராமில் ஓட்டுகிற நம்மில் பெரும்பாலோருக்கு இது தேவையே இல்லை.

கடையில் குளிரூட்டி வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் 6 சதவீதச் சர்க்கரையோடு சரியாகவே இருக்கும், உப்பு மட்டும் நம் வெயிலுக்குக் குறைவு. மாட்டிக்கொண்ட இடத்தில் வாங்கலாம். 'எனர்ஜி டிரிங்க்' என்று டின்னில் வருவது முற்றிலும் வேறு. சர்க்கரை 10 சதவீதத்துக்கு மேல், உப்பு குறைவு, கேஸ் வேறு. அதிலிருக்கும் காஃபீன் ஓட்டத்துக்கு உதவும் என்பது உண்மைதான், அதை ஒரு டிகிரி காபியில் எடுத்துக்கொண்டால் போயிற்று.

எந்த ரைடுக்கு எது

சென்னையிலிருந்து மகாபலிபுரம் போய்த் திரும்பும் நூற்றுப்பத்துக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது ஒரு பாட்டில் லெமன் கலவை, ஒரு பாட்டில் வெறும் தண்ணீர். திரும்பும் வழியில் ஒரு பொட்டலம் உப்பு, சர்க்கரையோடு இளநீர். வெயில் ஏறும் முன் வீடு திரும்புபவருக்குப் பாட்டிலில் இதற்கு மேல் எதுவும் வேண்டாம்; மணிக்கு 30 கிராம் கணக்கில் குறைவதை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ பார்த்துக்கொள்ளும்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளோ கொல்லிமலையின் 70 வளைவுகளோ என்றால் கணக்கு மாறும். ஏற ஏறக் காற்று குளிரும், வியர்வை குறையும், ஆனால் சக்தி சமவெளியைவிட அதிகம் வேண்டும். பாட்டில் எடையும் காலில் தெரியும். இங்கே ஒரே பாட்டிலில் சர்க்கரையை 60 கிராமாக ஏற்றி, உப்பை ஒரு கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். பானகம் இந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

யார் எதைக் குடித்தாலும், தாகத்தை மீறி லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. அதிகமாகக் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களே இதில் அதிகம் மாட்டியவர்கள். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் என்று வந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் உப்புக் கணக்கையும், சர்க்கரை நோயாளிகள் சர்க்கரைக் கணக்கையும் தங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். இங்கே சொன்ன அளவுகள் அவர்களுக்கானவை அல்ல.

200 கிலோமீட்டர் பிஆர்எம் என்பது பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ஓட்டம். இதற்கு எல்லாவற்றையும் ஒரே பானத்தில் அடக்கப் பார்க்க வேண்டாம். வீட்டிலேயே 45 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட் என்று அளந்து சின்ன ஜிப் கவர்களில் கட்டிக்கொள்ளுங்கள். எலுமிச்சை வெட்டுகிற வேலை இல்லை, ஜெர்சிப் பையில் ஆறேழு பொட்டலம் அடங்கும். கன்ட்ரோல் எனப்படும் வழியிலுள்ள பதிவு நிறுத்தங்களில் தண்ணீர் நிரப்பும்போது ஒன்றை வெட்டிக் கொட்டினால் ஒரு பாட்டில் தயார். மூன்றாவது பாட்டிலுக்கு அப்புறம் இனிப்பு பிடிக்காமல் போகும். அந்த நேரத்தில் பாட்டிலில் ஓஆர்எஸ் மட்டும் கரைத்துக்கொண்டு, சக்திக்கு இட்லி, வாழைப்பழம், கோவில்பட்டி கடலை மிட்டாய் என்று கடிக்க ஆரம்பித்துவிடலாம். மத்தியான வெயிலில் இரண்டு ஓஆர்எஸ் பொட்டலமும், சாயங்காலத்துக்கு மிச்சமிருக்கும் சர்க்கரைப் பொட்டலங்களும். இரண்டும் வெள்ளையாக இருப்பதால் கவர் மேல் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள். இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்தில் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.